சீனியர் இல்லாத பேட்ச்: சென்னை ஐஐடியின் முதல் ஐந்து ஆண்டுகள், பழைய மாணவர்களின் நினைவுகள் வழியே

ஒரு கல்லூரியின் முதல் பேட்ச் மாணவர்களுக்கு சீனியர் கிடையாது. சொல்லும்போது சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் ஒரு கல்லூரியின் தொடக்க காலத்தைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. போன வருடக் கேள்வித்தாள் இல்லை, கைமாறி வரும் நோட்டு இல்லை, எந்த வாத்தியார் கறாராகத் திருத்துவார், எந்த லேபுக்குத் தாமதமாகப் போனால் உள்ளே விடமாட்டார்கள், வார்டனிடம் எதைக் கேட்கலாம் எதைக் கேட்கக் கூடாது என்று சொல்லித்தர ஒருத்தரும் இல்லை. அடுத்த வருடம் ஜூனியர்கள் வந்த பிறகும் நிலைமை மாறாது, படித்து முடிக்கும் வரை அவர்கள்தான் மூத்தவர்கள். அன்றைய பி.டெக். ஐந்து வருடப் படிப்பு. ஆக ஐந்து வருடமும் எந்த விஷயத்திலும் முதலில் போய் நிற்பது அவர்கள்தான்.

இந்த ஆய்வுக்கு நான் எடுத்துக்கொண்டது சென்னை ஐஐடி, 1959 முதல் 1964 வரை. அந்தக் கல்லூரிக்கு 2006 முதல் ஒரு பாரம்பரிய மையம் இருக்கிறது, பழைய படங்களையும் ஆவணங்களையும் நேர்காணல்களையும் சேர்த்து வைக்கிறது. பழைய மாணவர்களும் தங்கள் ஹாஸ்டல் நாட்களைப் பற்றி ஏராளமாக எழுதியும் பேசியும் வந்திருக்கிறார்கள். நம் ஊரில், நாம் தினமும் பஸ்ஸில் கடந்துபோகும் சர்தார் படேல் சாலையோரம் நடந்த கதை இது. இருந்தும் தமிழில் இதைப் பற்றிப் பேச்சு எழுந்தால் நுழைவுத் தேர்வு, சம்பளம், அமெரிக்கா என்றே போய்விடுகிறது. அந்த மாதிரி எதுவும் இல்லாத காலம் எப்படி இருந்தது என்பதுதான் என் அக்கறை.

பெயருக்கு மதிப்பு வராத காலம்

முதலில் பின்னணி. சுதந்திரத்துக்குச் சற்று முன் என்.ஆர். சர்க்கார் என்பவர் தலைமையிலான குழு, நாட்டின் நான்கு திசைகளிலும் உயர் தொழில்நுட்பக் கல்வி நிறுவனங்கள் வேண்டும் என்றது. கிழக்கில் காரக்பூர் 1951இல் வகுப்புகளைத் தொடங்கியது, அதுவும் ஆங்கிலேயர் அரசியல் கைதிகளை அடைத்து வைத்திருந்த ஹிஜ்லி முகாம் கட்டடத்தில். மேற்கில் பம்பாய், 1958. தெற்கில் சென்னை. 1956இல் நேரு மேற்கு ஜெர்மனிக்குப் போனபோது அந்த அரசு உதவ முன்வந்தது, 1959இல் பான் நகரில் ஒப்பந்தம் ஆனது. அதே ஆண்டு ஜூலை 31 அன்று மத்திய அமைச்சர் ஹுமாயூன் கபீர் தொடங்கி வைத்தார். முதல் பேட்ச் 120 பேர். முதல் இயக்குநர் பி. சென்குப்தோ, 1967 வரை அவர்தான்.

இந்தத் தேதிகளெல்லாம் எங்கும் கிடைக்கும். ஆனால் 1959இல் ஒரு பையனும் அவனுடைய அப்பாவும் என்ன முடிவை எடுத்தார்கள் என்பது தேதிகளில் வராது. கூப்பிடு தூரத்தில் கிண்டி பொறியியல் கல்லூரி இருந்தது, 1794இல் தொடங்கிய நில அளவைப் பள்ளி அதன் வேர். பொதுப்பணித் துறையிலும் ரயில்வேயிலும் அங்கே படித்தவர்கள் நிறைந்திருந்தார்கள். அங்கே இடம் கிடைத்தால் எதிர்காலத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்று எந்தப் பெரியவரும் சொல்வார். எதிரே ஒரு புதுக் கல்லூரி. கட்டடம் இல்லை, பழைய மாணவர் என்று காட்ட ஒருத்தர் இல்லை. ஐஐடிகள் எல்லாவற்றுக்கும் பொதுவான சட்டம் 1961இல்தான் வந்தது, தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனம் என்ற தகுதி அதன் பிறகுதான். அதாவது அந்த 120 பேர் சேர்ந்தபோது, ஐந்து வருடம் கழித்து அவர்கள் கையில் வரப்போகும் பட்டத்துக்கான சட்ட அடிப்படையே உருவாகி முடிந்திருக்கவில்லை!

இதை நினைத்துப் பார்த்தால், முதல் பேட்ச்சைப் பற்றி நாம் வழக்கமாகச் சொல்லும் கதை கொஞ்சம் ஆட்டம் காணும். லட்சக்கணக்கானவர்களோடு போட்டியிட்டு வந்தவர்கள் அல்ல அவர்கள். இன்று நாம் அறிந்த பெரிய நுழைவுத் தேர்வு அப்போது வடிவம் பெற்றிருக்கவில்லை, நேர்முகம் வைத்து எடுத்தார்கள். மதிப்பெண் நன்றாக இருந்தது, அது சரி. அதோடு வேறு ஒன்றும் வேண்டியிருந்தது: கண்ணுக்குத் தெரியாத ஒன்றை நம்பிப் பிள்ளையை அனுப்பும் துணிவு. அந்தத் துணிவு வீட்டில் யாருக்கு இருந்தது? அப்பாவுக்கா, பத்திரிகையில் விளம்பரம் பார்த்துச் சொன்ன மாமாவுக்கா, இல்லை பையனுக்கேவா? பழைய மாணவர்களின் நினைவுகளைப் படிக்கும்போது நான் முதலில் தேடுவது இந்த இடத்தைத்தான். பலர் இதை ஒரே வரியில் கடந்துவிடுகிறார்கள், அது எனக்குப் பெரிய வருத்தம்.

ஆரம்ப வகுப்புகள் சொந்த இடத்தில் நடக்கவில்லை. அந்த வட்டாரத்தில் ஏற்கெனவே இருந்த நிறுவனங்கள் இடம் கொடுத்தன, மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் அவற்றில் ஒன்று. இரவல் வகுப்பறையில் தொடங்கிய கல்லூரி என்றால் இன்று யாரும் நம்பமாட்டார்கள்.

காட்டுக்குள் ஒரு ஹாஸ்டல்

வளாகத்துக்குக் கொடுத்த நிலம் கிண்டி ராஜ்பவனைச் சேர்ந்த காடு, சுமார் 250 ஹெக்டேர். நினைவுகளில் ஏறக்குறைய எல்லோரும் சொல்வது மான்கள். புள்ளிமான் கூட்டம், நடுவில் வெளிமான். அடுத்தது பாம்பு, இருட்டு, மழைக்காலத்துச் சேறு. ஆலமரங்களுக்கு நடுவே பாதை போட்டு, ஒரு பக்கம் கட்டட வேலை நடந்துகொண்டிருக்க இன்னொரு பக்கம் பையன்கள் குடியேறினார்கள். ஹாஸ்டல்களுக்கு ஆறுகளின் பெயர் வைத்தார்கள்: காவேரி, கிருஷ்ணா, நர்மதா, தபதி, கங்கா, பிரம்மபுத்திரா என்று ஒவ்வொன்றாக எழுந்தன. எந்த ஆற்றில் இருந்தாய் என்று கேட்டே இன்றும் பழைய மாணவர்கள் ஒருவரை ஒருவர் அடையாளம் கண்டுகொள்கிறார்கள். முதன்மைச் சாலைகளில் ஒன்று பான் அவென்யூ, இன்னொன்று டெல்லி அவென்யூ. ஒப்பந்தம் போட்ட இரண்டு தலைநகரங்களும் அந்தக் காட்டுக்குள் சாலைகளாகிவிட்டன.

அன்றைய சென்னையை மனதில் வைத்துக்கொண்டால்தான் இந்த நினைவுகளின் எடை தெரியும். வேளச்சேரி கிராமம். தரமணி கிராமம். அடையாறு தாண்டினால் ஊரின் விளிம்பு. டிராம் வண்டிகள் 1953லேயே நின்றுபோயின, ஆக மவுண்ட் ரோட்டுக்குப் போக வேண்டுமென்றால் பஸ், இல்லாவிட்டால் சைதாப்பேட்டை அல்லது கிண்டி ஸ்டேஷன் வரை போய் மின்சார ரயில். சனிக்கிழமை சாயங்காலம் ஊருக்குள் போய்ப் படம் பார்த்துவிட்டுக் கடைசி பஸ்ஸை விட்டால் நடைதான், கேட் வரைக்கும் மட்டுமல்ல, கேட்டிலிருந்து ஹாஸ்டல் வரைக்கும் இருட்டில் இன்னொரு நடை. பின்னால் வளாகத்துக்குள்ளேயே திறந்தவெளி அரங்கம் வந்து, வாராவாரம் படம் போடும் வழக்கம் நிலைபெற்றபோது அது எவ்வளவு பெரிய மாற்றமாக இருந்திருக்கும் என்று இப்போது புரியும். அறுபது ஆண்டுகளாக அந்த அரங்கத்தைப் பற்றி ஒவ்வொரு பேட்ச்சும் உருகுவது சும்மா இல்லை. ஊர் எட்டாத இடத்தில் இருந்தவர்களுக்கு ஊர் அங்கே வந்தது.

தூரம் இன்னொன்றையும் செய்தது. ஆசிரியர்களும் அதே வளாகத்தில்தான் குடியிருந்தார்கள், பலர் இளவயதினர், சிலர் மாணவர்களைவிடப் பத்து வயதுகூட மூத்தவர்களாக இருந்திருக்கமாட்டார்கள். வகுப்பில் கேட்க விட்டுப்போன சந்தேகத்தைச் சாயங்காலம் சாலையில் பார்த்துக் கேட்கலாம். பண்டிகைக்கு ஊருக்குப் போக முடியாத பையன் ஏதோ ஒரு ஆசிரியர் வீட்டில் சாப்பிட்டுவிடுவான். சீனியர் இல்லாத குறையை ஓரளவுக்கு இந்த நெருக்கம் ஈடுசெய்தது. கல்லூரி பெரிதாகப் பெரிதாக இது குறைந்துபோவது இயல்பு, ஆனால் தொடக்க கால மாணவர்கள் எந்தப் பாடத்தை மறந்தாலும் இதை மறப்பதில்லை.

அரமும் மூலைமட்டமும்

இந்த ஆய்வில் நான் மிக அதிகமாக மதிக்கும் பகுதி பணிமனை. ஜெர்மன் உதவி என்றால் பணம் மட்டும் அல்ல. பேராசிரியர்கள் வந்தார்கள், கருவிகள் கப்பலில் வந்தன, இந்திய ஆசிரியர்கள் பயிற்சிக்காக ஜெர்மனி போனார்கள், இவற்றோடு பணிமனைக்கென்று ஃபோர்மன்களும் வந்தார்கள். அன்று மேற்கு ஜெர்மனி தன் எல்லைக்கு வெளியே எடுத்துச் செய்த கல்வித் திட்டங்களில் இதுதான் மிகப் பெரியது. ஜெர்மன் பொறியியல் கல்வியில் கைவேலைக்குத் தனி இடம் உண்டு. உலோகத்தைக் கையால் அறியாதவன் எந்திரத்தை வரையக் கூடாது என்பது அவர்கள் பிடிவாதம்.

அதனால் முதலாண்டு மாணவன் கையில் என்ன வந்தது? அரம். வைஸில் இறுக்கிய ஒரு இரும்புத் துண்டு, அதை ராவி ராவிச் சமதளமாக்க வேண்டும், பக்கங்கள் ஒன்றுக்கொன்று சரியான செங்கோணத்தில் நிற்க வேண்டும். மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பார்ப்பார்கள். இடையில் ஒரு கீற்று ஒளி தெரிந்தால் திரும்பப் போ, மறுபடி ராவு. ஒரு மூலையைச் சரிசெய்யப் போனால் இன்னொரு மூலை இறங்கிவிடும். உள்ளங்கை கொப்பளிக்கும், தோள்பட்டை வலிக்கும், துண்டு நாளுக்கு நாள் சிறுத்துக்கொண்டே போகும். அரத்தை உடம்பின் எடையால் தள்ள வேண்டும், கையால் மட்டும் தள்ளினால் நடுப்பகுதி மேடாகிவிடும் என்பதைப் புத்தகத்தில் படித்தால் ஒரு வரி, கற்றுக்கொள்ளப் பல வாரம்.

இப்போது அந்த வைஸின் முன் நின்றது யார் என்று பாருங்கள். வக்கீல் வீட்டுப் பிள்ளை, தாசில்தார் பிள்ளை, கல்லூரிப் பேராசிரியர் பிள்ளை. நம் நாட்டில் படிப்பு என்பதே கைவேலையிலிருந்து தப்பிக்கும் வழியாகத்தான் பல வீடுகளில் பார்க்கப்பட்டது, இன்றும் பார்க்கப்படுகிறது. அரம் பிடிப்பதும் சம்மட்டி அடிப்பதும் வேறு யாரோ செய்கிற வேலை என்று பரம்பரையாக நினைத்த வீடுகளிலிருந்து வந்த பையன்களைக் காக்கி மாட்டிக்கொண்டு கொல்லுலையின் முன் நிற்கவைத்தது அந்தப் பாடத்திட்டம். அதைவிட முக்கியம், பணிமனையில் அவனுக்குச் சொல்லித்தந்தவர்கள் பட்டம் பெற்ற பேராசிரியர்கள் மட்டும் இல்லை. ஃபோர்மனும், அவரிடம் பழகிய நம் ஊர்த் தொழிலாளர்களும் சொல்லித்தந்தார்கள். தன்னைவிட அதிகம் தெரிந்த ஒரு ஃபிட்டரிடம் பணிந்து நின்று கற்றுக்கொள்வது அந்த வயதில் அந்தப் பையன்களுக்கு என்ன செய்தது என்பதைப் பிற்காலத்தில் தொழிற்சாலை நடத்தியவர்கள் சொல்லும்போது, அந்தக் கல்லூரி கற்றுத்தந்தவற்றிலேயே பெரியது இதுதான் என்று எனக்குத் தோன்றும்.

எல்லோரும் இதை அன்றே விரும்பினார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. கணக்கிலும் இயற்பியலிலும் ஆர்வமாக வந்தவர்களுக்கு அந்த மணிநேரங்கள் வீண் என்று பட்டிருக்கின்றன. அந்தக் குறையும் நியாயமானதுதான். அதே காலத்தில் கான்பூர் ஐஐடி அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் ஒன்பதின் துணையோடு அடிப்படை அறிவியலுக்கும் கணினிக்கும் முன்னுரிமை கொடுத்தது, 1963லேயே அங்கே ஐபிஎம் 1620 கணினி வந்துவிட்டது. சென்னையில் அன்று கையால் நகர்த்திக் கணக்குப் போடும் ஸ்லைடு ரூலும் லாகரிதம் அட்டவணையும்தான், பெரிய கணினி எழுபதுகளில்தான். ஒரே சட்டத்தின் கீழ், ஒரே பெயரில், எந்த நாட்டோடு கைகோத்தோம் என்பதைப் பொறுத்து இரண்டு விதமான பொறியாளர்கள் உருவானார்கள். எது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை, ஆனால் அரம் பிடித்தவர்களின் பக்கம் என் மனம் சாய்கிறது என்பதை மறைக்கவும் இல்லை.

ஜெர்மானியர்களைப் பற்றிய நினைவுகளில் நேரந்தவறாமை அளவுக்கு மேல் வருகிறது. மணி அடிப்பதற்கு முன் கதவு சாத்துவார்கள், கோடு ஒரு மில்லிமீட்டர் தப்பினால் படத்தைத் திருப்பித் தருவார்கள் என்று. உண்மையாகவே இருக்கலாம். ஆனால் ஒரு ஜெர்மானியரைப் பற்றிச் சொல்லச் சொன்னால் நாம் எல்லோருமே முதலில் சொல்லக்கூடியது அதுதான் என்பதால், எனக்கு அடுத்த கேள்வி முக்கியம். அவர் வெயிலை எப்படித் தாங்கினார், குடும்பத்தை அழைத்து வந்தாரா, அவருடைய ஆங்கிலம் புரிந்ததா, உங்கள் ஆங்கிலம் அவருக்குப் புரிந்ததா? இரண்டு தரப்புக்குமே தாய்மொழி இல்லாத ஆங்கிலத்தில் வெப்ப இயக்கவியல் நடந்தது. மாணவர்களுக்கு ஜெர்மன் வகுப்பும் இருந்தது. இந்த மொழிச் சிக்கலுக்குள் போனால்தான் மனிதர்கள் தெரிவார்கள்.

ஒரே பந்தியில்

வடக்கிலிருந்து வந்த பையன் கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் இரண்டு இரவு பயணம் செய்து சென்ட்ரலில் இறங்குவான். மூட்டையும், படுக்கையைச் சுருட்டிக் கட்டிய ஹோல்டாலும், டிரங்குப் பெட்டியும். வீட்டோடு பேச இன்லண்ட் லெட்டர், பணம் வர மணியார்டர், அவசரத்துக்குத் தந்தி. மெஸ்ஸில் காலையில் இட்லி, மதியம் சாம்பார் சோறு, ரசம், மோர். முதல் வாரத்திலேயே சப்பாத்திக்காக ஏங்க ஆரம்பிப்பான். மெஸ் சமையலைப் பற்றிய சண்டை எல்லாக் கல்லூரி நினைவுகளிலும் உண்டு, ஆனால் இங்கே அதைத் தீர்த்துவைக்க முன்மாதிரி இல்லை. மாணவர் குழு ஒன்று உட்கார்ந்து, என்ன வாங்குவது, எத்தனை நாள் ரொட்டி, எத்தனை நாள் சோறு, மாதக் கணக்கை எப்படிப் பிரிப்பது என்று முடிவெடுக்க வேண்டியிருந்தது. பதினேழு பதினெட்டு வயதில் நாட்டின் பல மூலைகளிலிருந்து வந்தவர்கள் ஒரு சமையல் பட்டியலுக்காகப் பேசி, விட்டுக்கொடுத்து, ஒத்துப்போனார்கள். எனக்கு இது எந்த மேடைப் பேச்சையும்விடப் பெரிய தேச ஒற்றுமை.

தமிழ்ப் பையன்களின் அனுபவம் கொஞ்சம் வேறு. ஊர் பக்கத்தில்தான், ஆனால் மொழி தூரம். அன்று நம் மாநிலத்துப் பள்ளிகளில் தமிழ் வழியில் எஸ்எஸ்எல்சி வரை படித்து, பியூசியில் திடீரென்று ஆங்கிலத்துக்கு மாறியவர்கள் நிறைய. அப்படி ஒருவன் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்தோ திருநெல்வேலிப் பக்கத்திலிருந்தோ வந்து, கான்வென்ட்டில் படித்த டெல்லிப் பையனின் பக்கத்து அறையில் இருந்திருந்தால், சொந்த மாநிலத்தின் தலைநகரிலேயே அவன்தான் அந்நியன். வடக்கத்திப் பையனுக்குப் பஸ் கண்டக்டரிடம் தமிழ் பேசக் கற்றுக்கொடுத்தவனும் அவனேதான். இந்த இரண்டும் ஒரே ஆளுக்குள் இருந்ததைச் சொல்லும் நினைவுகள் எனக்குப் பொன் மாதிரி. அவை ஆங்கிலத்தில் எழுதப்படும் நினைவு மலர்களில் அதிகம் வருவதில்லை. தமிழில் கேட்டால் வரும் என்று நம்புகிறேன்.

நினைவு எங்கே சறுக்கும்

இப்போது ஆய்வின் கடினமான பகுதிக்கு வருவோம். அறுபது வருடத்துக்கு முந்தைய நினைவை எவ்வளவு நம்பலாம்?

என் அனுபவத்தில் இடமும் உடம்பும் சம்பந்தப்பட்ட நினைவுகள் உறுதியானவை. எந்த அறை, ஜன்னலிலிருந்து என்ன தெரிந்தது, கை எப்படி வலித்தது, இவற்றில் தவறு குறைவு. வருடங்கள்தான் கலந்துவிடும். பின்னால் வந்த விஷயங்கள் முன்னால் நகர்ந்து உட்கார்ந்துகொள்ளும். உதாரணமாக மார்டி கிரா என்ற கலைவிழா 1974இல்தான் தொடங்கியது, பிறகு அதுவே சாரங் ஆனது. அறுபதுகளில் படித்த ஒருவர் தன் காலத்து மார்டி கிராவைப் பற்றிச் சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை, பழைய மாணவராகத் திரும்பி வந்தபோது பார்த்ததையும் தன் காலத்து ஹாஸ்டல் நாள் கொண்டாட்டத்தையும் மனது ஒன்றாக்கிவிட்டது. அதனால் அந்த நினைவைத் தூக்கி எறிய வேண்டியதில்லை, வேறு வருடத்தில் வைத்தால் போதும்.

இதற்கு உதவ அந்தக் காலத்திலேயே எழுதப்பட்டவை வேண்டும். காம்பாஸ்டைம்ஸ் என்ற மாணவர் இதழ் அறுபதுகளின் தொடக்கத்தில் வெளிவந்துகொண்டிருந்தது. அந்த மாதிரி இதழில் அன்றைய கோபம் அன்றைய சூட்டோடு இருக்கும்: மெஸ் மோசம், பஸ் வரவில்லை, நூலகம் சீக்கிரம் மூடுகிறது என்று. ஐம்பது வருடம் கழித்து எழுதும் நினைவில் அதே மெஸ் இனித்துக் கிடக்கும். இரண்டையும் அருகருகே வைத்துப் படித்தால்தான் மனிதர்கள் எதை மறக்கத் தேர்ந்தெடுத்தார்கள் என்று தெரியும்.

வெளி நிகழ்ச்சிகளும் வருடத்தைப் பிடித்து நிறுத்தும் ஆணிகள். 1962 அக்டோபரில் சீனப் போர், அந்த ஆண்டின் கடைசியில் ஜெர்மன் ஜனாதிபதி லூப்கேயின் இந்திய வருகை. 1964 மே 27 நேருவின் மறைவு. இந்தக் கடைசித் தேதியை நான் அடிக்கடி நினைப்பேன். முதல் பேட்ச் படிப்பை முடிக்கும் தறுவாயில், எந்த மனிதரின் பயணத்தில் இந்தக் கல்லூரிக்கான பேச்சு தொடங்கியதோ அவர் போய்விட்டார். சுமார் ஆறு வாரம் கழித்து, ஜூலை 11 அன்று முதல் பட்டமளிப்பு விழா, குடியரசுத் தலைவர் ராதாகிருஷ்ணன் வந்து நடத்தினார். அன்று மேடையேறியவர்களிடம் விழா எப்படி இருந்தது என்று கேட்டால் அங்கி, வெயில், புகைப்படம் என்பார்கள். மே மாதக் கடைசியில் எங்கே இருந்தீர்கள், செய்தியை யார் சொன்னார்கள், ஹாஸ்டல் அன்று எப்படி இருந்தது என்று கேட்டால் வேறு ஒரு குரல் வெளியே வரும். அடுத்த வருடமே, 1965 ஜனவரியில், மாநிலம் முழுக்க இந்தி எதிர்ப்புப் போராட்டம். இந்தி பேசும் அறைத்தோழர்களோடு வாழ்ந்த தமிழ் மாணவர்கள் அந்த நாட்களை எப்படிக் கடந்தார்கள் என்பது கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி. அதை நட்பு கெட்டுவிடுமோ என்ற தயக்கத்தில் யாரும் எழுப்பாமல் விடக் கூடாது.

இன்னொரு சறுக்கல் இதைவிடப் பெரியது. யார் நினைவு எழுதுகிறார்கள்? ஒன்றுகூடலுக்கு வருகிறவர்கள். யார் வருகிறார்கள்? பெரும்பாலும் நன்றாக வந்தவர்கள். அமெரிக்காவில் 1965இல் குடியேற்றச் சட்டம் திருத்தப்பட்டது, அதற்குப் பிறகு மேற்படிப்புக்குப் போனவர்கள் அங்கேயே தங்கி வளர வழி பிறந்தது, தொடக்க பேட்ச்கள் சரியாக அந்த நேரத்தில்தான் பட்டத்தோடு வெளியே வந்தன. அவர்கள் கதை நமக்கு நன்றாகத் தெரியும். இரண்டாம் ஆண்டில் தேறாமல் திரும்பிப் போனவன், வீட்டில் கஷ்டம் வந்து படிப்பை விட்டவன், அந்தத் தனிமையைத் தாங்க முடியாமல் போனவன், இவர்கள் எந்த மலரிலும் எழுதவில்லை. முதல் பேட்ச்சில் தடுமாறுவது பின்னால் தடுமாறுவதைவிடக் கடினம், ஏனென்றால் முன்பு ஒருத்தன் தடுமாறி எழுந்தான் என்று சொல்ல ஆள் இல்லை. அவர்களுடைய நினைவும் அந்தக் கல்லூரியின் வரலாறுதான்.

வேலிக்கு அந்தப் பக்கமும்

வளாகத்துக்குள் பீலியம்மன் கோயில் இருக்கிறது. காடு என்று நாம் எழுதும் இடத்தில் கல்லூரிக்கு முன்பே மனிதர்கள் கும்பிட்டார்கள், ஆடு மேய்த்தார்கள், விறகு பொறுக்கினார்கள் என்பதற்கு அதுவே சாட்சி. அந்தக் கோயிலுக்கு வந்துபோனவர்களின் பிள்ளைகளில் பலர் பின்னால் மெஸ்ஸிலும் தோட்டத்திலும் பணிமனையிலும் வேலைக்குச் சேர்ந்தார்கள். ஒரு மாணவன் ஐந்து வருடம் இருந்துவிட்டுப் போவான். மெஸ் ஊழியர் முப்பது வருடம் இருப்பார். இரண்டு பேரில் யாருக்கு அந்தக் கல்லூரி அதிகம் தெரியும்? பழைய மாணவர்களின் நினைவுகளில் இவர்கள் அன்போடுதான் வருகிறார்கள், ஆனால் பெரும்பாலும் செல்லப்பெயராக மட்டும், அப்பா பெயரோ ஊரோ இல்லாமல். இதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது, ஏனென்றால் இதைச் சரிசெய்யப் பெரிய செலவு ஒன்றும் கிடையாது, வேளச்சேரியிலும் தரமணியிலும் நான்கு தெரு நடந்தால் போதும். ஆசிரியர்களின் மனைவிமார்களும் அப்படித்தான். கடை கண்ணி இல்லாத காட்டுக்குள் குடும்பம் நடத்தி, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் தேடி, பண்டிகை நாளில் பத்து மாணவர்களுக்கு இலை போட்டவர்கள் அவர்கள்.

இவ்வளவு நேரம் ஒரு கல்லூரியைப் பற்றிப் பேசினேன். இதே வயதில் நம்மிடம் இன்னும் பல இருக்கின்றன: கோவை பிஎஸ்ஜி தொழில்நுட்பக் கல்லூரி 1951, காரைக்குடி அழகப்ப செட்டியார் பொறியியல் கல்லூரி 1952, மதுரை மருத்துவக் கல்லூரி 1954, கோயம்புத்தூர் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி (சிஐடி) 1956, மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரி 1957, திருச்சி மண்டலப் பொறியியல் கல்லூரி (இன்றைய என்ஐடி) 1964. இவற்றின் முதல் பேட்ச்காரர்களில் இருப்பவர்களுக்கு இன்று எண்பதை ஒட்டிய வயதோ அதற்கு மேலோ. ஐஐடிக்கு ஒரு பாரம்பரிய மையம் இருக்கிறது. இவற்றில் எத்தனைக்கு அப்படி ஒன்று இருக்கிறது?

யாராவது இந்த வேலையில் இறங்கினால் சில விஷயங்களைச் சொல்லிவைக்கிறேன். காலேஜ் எப்படி இருந்தது என்று கேட்காதீர்கள், நன்றாக இருந்தது என்று முடிந்துவிடும். முதல் நாள் ராத்திரி எங்கே படுத்தீர்கள், யார் கொண்டுவந்து விட்டார்கள், பெட்டியில் என்ன இருந்தது என்று கேளுங்கள். ஒரு தாளைக் கொடுத்து ஹாஸ்டலின் படத்தை வரையச் சொல்லுங்கள், வரையும்போதே பெயர்கள் வரும். முடிந்தால் அறைத்தோழர்கள் இரண்டு பேரை ஒன்றாக உட்காரவைத்துப் பேசவிடுங்கள், ஒருவர் தவறாகச் சொன்னால் மற்றவர் திருத்துவார், அந்தத் திருத்தலில்தான் பாதி விஷயம் கிடைக்கும். ஒலிப்பதிவை ஒரே கைபேசியில் வைத்திருக்காதீர்கள். மெஸ் ரசீது, இன்லண்ட் லெட்டர், பணிமனை ரெக்கார்டு நோட்டு எதையும் குப்பை என்று நினைத்து வீட்டார் தூக்கிப் போடுவதற்குள் ஸ்கேன் எடுத்துவிடுங்கள். குழுப் படம் கிடைத்தால் அன்றைக்கே, அவர் பக்கத்தில் உட்கார்ந்து, இடமிருந்து வலமாக ஒவ்வொரு முகத்துக்கும் பெயர் கேட்டுத் தனித்தாளில் எழுதி வாங்குங்கள், கடைசி வரிசையின் ஓரத்தில் நிற்கும் ஊழியரின் பெயர் உட்பட.